அக்கம்பக்கம் அறியாத வாயுவும் வேற்றுமை பாராத திரவமும்

மார்ச் மாதக் கடைசியில் கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள ஒரு நூற்பாலைக்குள் பிற்பகல் வேளையில் நுழைந்தால், இயந்திர இரைச்சலோடு சேர்ந்து முகத்தில் படுவது ஈரக்காற்று. வெளியே வறண்ட வெயில். உள்ளே பஞ்சுக்காகவே உண்டாக்கி வைத்த ஈரம். காற்றில் ஈரம் குறைந்தால் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏறிப் பஞ்சு பறக்கும், நூல் அடிக்கடி அறும். ஈரம் மிகுந்தால் இழை உருளைகளில் சுற்றிக்கொள்ளும். ஆகவே நூற்புக் கூடத்தின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்திவைப்பதற்காக, எல்லோரும் ஹியுமிடிட்டி பிளான்ட் என்று அழைக்கும் ஏற்பாடு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. படிப்பை முடித்த கையோடு அப்படி ஒரு பிளான்ட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். காற்று என்பது பஞ்சைப் போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு பொருள், 60 சதவீதம் என்றால் அந்தப் பஞ்சு அறுபது பங்கு நனைந்திருக்கிறது என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். வெப்ப இயக்கவியல் தேர்வில் சரியான விடை எழுதித் தேறிய பிறகும் அந்த நனைந்த பஞ்சு என் மண்டையை விட்டு இறங்கவில்லை.

அது பிழையான படம் என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் டால்டன். அணுக்கொள்கையால் பெயர் பெற்ற அவர், அடிப்படையில் வானிலையில் நாட்டம் கொண்டவர். 1787 இல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844 இல் இறக்கும்வரை எழுதிவந்தார். அவர் காலத்தில், நீராவி காற்றோடு வேதிமுறையில் சேர்ந்து கரைந்திருக்கிறது என்பதே பலருடைய கருத்தாக இருந்தது. டால்டன் 1801 இல் அதை மறுத்து, நீராவி காற்றோடு எதனாலும் பிணைக்கப்படவில்லை, ஒரே இடத்தில் இரண்டும் தனித்தனியே உலவுகின்றன, ஒவ்வொன்றும் தான் மட்டுமே அந்தக் கொள்கலத்தில் இருந்தால் என்ன அழுத்தம் தருமோ அதே அழுத்தத்தைத்தான் கலவையிலும் தருகிறது என்றார். அந்தத் தனி அழுத்தத்துக்குப் பகுதி அழுத்தம் என்று பெயர். பகுதி அழுத்தங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் கலவையின் மொத்த அழுத்தம் கிடைக்கும். பள்ளிப் புத்தகத்தில் டால்டனின் பகுதி அழுத்த விதி என்று ஒரு வரியில் முடிந்துவிடுவது இதுதான்.

நல்லியல்பு வாயுக் கலவை என்பதன் வரையறை இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. நல்லியல்பு வாயுவின் மூலக்கூறுகள் தமக்கென இடம் எதையும் அடைப்பதில்லை, ஒன்றையொன்று இழுப்பதுமில்லை என்று வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் பக்கத்தில் இருப்பது நைட்ரஜனா நீராவியா என்பது ஒரு மூலக்கூறுக்குத் தெரிய வழியே இல்லை. மூலக்கூறுகளின் மொத்த எண்ணிக்கையில் ஒரு வாயுவின் பங்கு எவ்வளவோ, அதுவே அதன் மோல் பின்னம்; மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணுவதற்கான அலகு. மொத்த அழுத்தத்தை மோல் பின்னத்தால் பெருக்கினால் அந்த வாயுவின் பகுதி அழுத்தம். உலர்ந்த காற்றில் நைட்ரஜனின் மோல் பின்னம் 0.78, ஆக்சிஜனுடையது 0.21, ஆர்கானுடையது ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணம், அக்கம்பக்கம் எதையும் அறியாமல் எல்லோரும் தத்தம் வேலையைப் பார்ப்பதாக நாம் செய்துகொண்ட அந்த ஒரே அனுமானம்.

இப்போது நூற்பாலைக்குத் திரும்பலாம். மூடிய பாத்திரத்தில் 30 டிகிரி செல்சியஸில் தண்ணீரை வைத்தால், மேலுள்ள வெளியில் நீராவியின் அழுத்தம் 4.25 கிலோபாஸ்கல் ஆனதும் ஆவியாதலும் நீராகத் திரும்புதலும் சமமாகிவிடும். பாத்திரத்தில் காற்று இருந்தாலும் சரி, காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு வைத்தாலும் சரி, அந்த 4.25 ஏறக்குறைய மாறுவதில்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் நனைந்த பஞ்சுப் படம் தானாகக் கலைந்துவிடும்; ஏனெனில் காற்றே இல்லாத இடத்திலும் அதே அளவு ஆவி நிற்கிறது என்றால், காற்று அதை எதனால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்? ஈரப்பதம் 55 சதவீதம் என்றால், நீராவியின் பகுதி அழுத்தம் அந்த வெப்பநிலைக்குரிய உச்ச அளவில் 55 சதவீதமாக, அதாவது 2.34 கிலோபாஸ்கலாக இருக்கிறது என்று மட்டுமே பொருள்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 96.5 கிலோபாஸ்கல். கூடத்தில் நீராவியின் பங்கு 2.34 என்றால் மீதி 94.16 உலர்ந்த காற்றுக்கு உரியது. நீர் மூலக்கூறின் எடையைக் காற்றின் சராசரி மூலக்கூறு எடையால் வகுத்தால் 0.622 வரும், அதைப் பகுதி அழுத்தங்களின் விகிதத்தால் பெருக்கினால், ஒரு கிலோ உலர்ந்த காற்றோடு ஏறத்தாழ 15.5 கிராம் நீராவி இருக்கிறது என்று தெரியும். வெளியே அதே வேளையில் 36 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டால் 9.7 கிராம் வருகிறது. ஆகவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 6 கிராம் தண்ணீரைப் பிளான்ட் தெளித்தாக வேண்டும். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் இந்தத் தேவை எவ்வளவு குறைந்துவிடுகிறது என்பதை அங்கே பம்ப் ஓட்டுகிறவர்கள் எந்தக் கணக்கும் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். ஈரக்காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தவன்தான். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு கன மீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது. ஆதலால் நீராவி உள்ளே வந்த அளவுக்கு, சராசரி எடை 29 உள்ள காற்று மூலக்கூறுகள் விலகி, எடை 18 மட்டுமே உள்ள நீர் மூலக்கூறுகள் அவற்றின் இடத்தில் நிற்கின்றன. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதும் பகுதி அழுத்தத்தின் வேலையே. அங்கே ஆக்சிஜனின் மோல் பின்னம் அதே 0.21தான். ஆனால் சுமார் 2240 மீட்டர் உயரத்தில் மொத்த அழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுவதால், கோவையில் 20 கிலோபாஸ்கலாக இருந்த ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் அங்கே 16 ஆகிவிடுகிறது. நுரையீரல் சதவீதத்தைப் பார்ப்பதில்லை, பகுதி அழுத்தத்தைத்தான் பார்க்கிறது.

அடுத்து, கலத்தல் என்னும் நிகழ்வையே கவனிக்க வேண்டும். ஒரு பெட்டியின் நடுவில் தடுப்பு வைத்து, ஒரு பக்கம் நைட்ரஜனையும் மறுபக்கம் ஆக்சிஜனையும் ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் நிரப்பித் தடுப்பை உருவிவிட்டால், இரண்டும் தாமாகவே கலந்துவிடும். வெப்பம் வெளியேறவில்லை, உள்ளே வரவுமில்லை. மொத்தக் கன அளவும் மாறவில்லை. ஆற்றல் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லாமல் இது ஏன் நடக்கிறது, ஏன் ஒருபோதும் தானாகத் திரும்புவதில்லை என்ற கேள்விக்கு விடை என்ட்ரோபியில், அதாவது மூலக்கூறுகள் எத்தனை விதமாகப் பரவி நிற்கலாம் என்பதன் அளவில், இருக்கிறது. ஒவ்வொரு வாயுவும் பாதிப் பெட்டியிலிருந்து முழுப் பெட்டிக்கு விரிந்திருக்கிறது. அதன் அழுத்தம், மொத்த அழுத்தத்திலிருந்து பகுதி அழுத்தத்துக்கு இறங்கியிருக்கிறது. அந்த இறக்கத்துக்கு ஏற்ப ஒரு மோலுக்குரிய கிப்ஸ் ஆற்றலும் (அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸின் பெயரால் வழங்கும், என்ட்ரோபியையும் சேர்த்துப் போட்ட ஆற்றல் கணக்கு) இறங்குகிறது; எவ்வளவு என்றால், வாயு மாறிலியையும் கெல்வின் வெப்பநிலையையும் மோல் பின்னத்தின் இயல் மடக்கையையும் பெருக்கினால் வரும் அளவு. மோல் பின்னம் எப்போதும் ஒன்றைவிடக் குறைவு என்பதால் அதன் மடக்கை எதிர்மறையாக இருக்கும். ஆகவே கலத்தல் எப்போதும் கிப்ஸ் ஆற்றல் இறங்கும் திசையிலேயே நடக்கிறது. இந்த மூன்றின் பெருக்கத்தை வாசகர் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் எதிர்பாராத இடத்தில் திரும்பி வரும்.

கலந்ததைப் பிரிக்க விரும்பினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். காற்றை நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் முழுமையாகப் பிரிக்க, எவ்வளவு திறமையான இயந்திரமாக இருந்தாலும், 300 கெல்வினில் ஒரு மோல் காற்றுக்கு ஏறத்தாழ 1280 ஜூலுக்குக் குறைவாக வேலை செய்து முடிக்க இயலாது. நடப்பிலுள்ள ஆலைகள் இதைப் போலப் பல மடங்கு செலவழிக்கின்றன என்பது வேறு விஷயம்.

பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரே நைட்ரஜன் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். பவானி கூடுதுறையில் பவானியும் காவிரியும் சேர்கின்றன. வண்டலையும் உப்பையும் மறந்துவிட்டால் இந்தத் தண்ணீரும் அந்தத் தண்ணீரும் ஒன்றே. சேர்ந்த பிறகு எது பவானி, எது காவிரி என்று பிரித்துச் சொல்ல எந்த அளவீடும் இல்லை என்பதால், அங்கே கலத்தல் என்ட்ரோபி என்று ஒன்று எழுவதே இல்லை. கிப்ஸ் எழுப்பிய இந்தப் புதிர் குவாண்டம் இயற்பியல் வரைக்கும் போகும். தொடக்க நிலையில் இருப்பவர், வேறுபடுத்த முடியாதவற்றைச் சேர்ப்பது கலத்தல் ஆகாது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனித் திரவத்துக்கு வருவோம். நல்லியல்பு என்ற அதே அடைமொழியைக் கரைசலுக்கும் சூட்டியிருப்பதால், மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நல்லியல்பு வாயுவில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதில்லை என்றோம். திரவத்தில் அப்படிச் சொல்லவே முடியாது. இழுக்கும் விசை இல்லாவிட்டால் அது திரவமாகவே இருக்காது. அப்படியிருக்க எந்தப் பொருளில் அதை நல்லியல்பு என்கிறோம்?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். வாயு என்பது, பெரிய மைதானத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் திரியும் கூட்டம். திரவம் என்பது, தோளோடு தோள் உரச இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் கூட்டம். இங்கே யாருக்கும் அண்டை ஆள் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கலந்து உட்காரும்போது, பக்கத்தில் தம் வீட்டு ஆள் உட்கார்ந்தாலும் அந்த வீட்டு ஆள் உட்கார்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி இருக்குமானால், அந்தப் பந்தி நல்லியல்புக் கரைசல். இழுப்பு இருக்கிறது, ஆனால் தன்னினத்தோடு உள்ள இழுப்புக்கும் வேற்றினத்தோடு உள்ள இழுப்புக்கும் வேறுபாடு இல்லை. இரு மூலக்கூறுகளும் ஏறக்குறைய ஒரே பருமனும் ஒரே குணமும் உடையவையாக இருந்தால்தான் இது நடக்கும். பென்சீனும் டொலுவீனும் இதற்குப் புத்தகங்கள் காட்டும் இணை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் உடனே வருகின்றன. கலக்கும்போது வெப்பம் வெளிவராது, உள்ளேயும் போகாது; கன அளவும் கூடாது, குறையாது. கடலை எண்ணெயை நல்லெண்ணெயில் ஊற்றிக் கலந்தால், இரண்டின் மூலக்கூறுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், பாத்திரம் சுடுவதில்லை, அளவும் நழுவுவதில்லை. காங்கேயம் பக்கத்துச் செக்கில் எண்ணெய் வாங்குகிறவர் லிட்டர் படியையும் தெர்மாமீட்டரையும் வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க நினைத்தால் ஏமாந்துதான் போவார். மாறாக 50 மில்லிலிட்டர் தண்ணீரில் 50 மில்லிலிட்டர் எத்தனாலைச் சேர்த்தால் 100 வராது, 96 அல்லது 97தான் வரும்; கலவை இலேசாகச் சுடவும் செய்யும். பாட்டரிக்கு ஆசிட் கலக்கிறவர்கள் ஆசிட்டைத்தான் தண்ணீரில் மெல்ல ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றவே கூடாது என்று எச்சரிப்பது, நல்லியல்பிலிருந்து வெகுதூரம் விலகிய ஒரு கரைசலைப் பற்றிய எச்சரிக்கை.

நல்லியல்புக் கரைசலுக்கான விதியைப் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் ஆய்வு செய்த பிரான்சுவா மரி ரௌல்ட் 1887 இல் தந்தார். கரைசலின் மேலே ஒரு பொருளின் ஆவி தரும் பகுதி அழுத்தம், அது தூய நிலையில் தரும் ஆவி அழுத்தத்தைத் திரவத்திலுள்ள அதன் மோல் பின்னத்தால் பெருக்கினால் வருவதற்குச் சமம். பந்தியில் வெளிவரிசையில் இருப்பவர்களே எழுந்து போக முடியும். வெளிவரிசையில் பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டார் என்றால், முன்பு எழுந்து போனதில் பாதி அளவுக்கே அவர்கள் எழுந்து போவார்கள். எழுந்து போகும் ஆசை அண்டை ஆளால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதே இதில் அடங்கியுள்ள அனுமானம்.

இந்த விதி நம் வீட்டுச் சமையலறையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கேஸ் சிலிண்டருக்குள் இருப்பது முதன்மையாகப் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். இரண்டும் ஒத்த குணமுள்ளவை, ஆகையால் அதை நல்லியல்புக் கரைசலாகக் கொள்வதில் பெரிய பிழை வராது. 25 டிகிரியில் தூய புரோப்பேனின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 9.5 பார், பியூட்டேனுடையது 2.4 பார், ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல். கணக்குக்காகத் திரவத்தில் புரோப்பேன் 0.3, பியூட்டேன் 0.7 என்று எடுத்துக்கொண்டால், புரோப்பேனின் பகுதி அழுத்தம் 2.85, பியூட்டேனின் பகுதி அழுத்தம் 1.68, மொத்தம் 4.53 பார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரவத்தில் முப்பது பங்கே இருக்கும் புரோப்பேன், மேலே நிற்கும் ஆவியில் அறுபத்து மூன்று பங்கு இருக்கிறது. அடுப்புக்குப் போவது ஆவி; ஆகவே ஒவ்வொரு நாளும் புரோப்பேன்தான் அதிக விகிதத்தில் எரிந்து தீர்கிறது, மீதித் திரவத்தில் பியூட்டேனின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. புரோப்பேன் 0.05 அளவுக்குக் குறைந்துவிட்ட கட்டத்தில் அழுத்தம் 2.75 பார் அளவுக்கு இறங்கியிருக்கும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ மார்கழிக் குளிரில் தீரப்போகும் சிலிண்டரில் ஜுவாலை சோர்ந்துபோவதற்கு, குளிரோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளின் காய்ச்சி வடிக்கும் கோபுரங்கள் எல்லாம் செய்வது, இந்த ஒரு படியைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

முன்பு மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்ன பெருக்கம் இங்கேதான் திரும்பி வருகிறது. திரவத்திலுள்ள புரோப்பேனும் ஆவியிலுள்ள புரோப்பேனும் சமநிலையில் இருப்பதால், இரண்டு இடத்திலும் ஒரு மோலுக்குரிய கிப்ஸ் ஆற்றல் ஒன்றாக இருக்க வேண்டும். கரைத்ததால் ஆவியின் அழுத்தம் மோல் பின்னத்தின் விகிதத்தில் குறைந்தது என்று ரௌல்ட் சொல்கிறார். அழுத்தம் அந்த விகிதத்தில் குறைந்தால் கிப்ஸ் ஆற்றல் எவ்வளவு இறங்கும் என்பதை வாயுவில் ஏற்கெனவே கண்டோம். ஆகவே திரவத்திலும் அதே வாயு மாறிலி, அதே வெப்பநிலை, அதே இயல் மடக்கை. ஒன்றில் மூலக்கூறுகளுக்கு அண்டை வீடே இல்லை. மற்றதில் எல்லா அண்டை வீடும் ஒன்றுதான். காரணங்கள் நேர் எதிர். ஆயினும் இரண்டிலும் அண்டை ஆள் யார் என்பது கணக்கில் வராமல் போகிறது, எஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே. எண்ணிக்கையிலிருந்து வரும் என்ட்ரோபி இரண்டுக்கும் பொது என்பதால் சூத்திரமும் பொதுவாகிவிட்டது. பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைப்பதால் இந்த உறவு பெரும்பாலான மாணவர்களின் கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பது என் மனக்குறை.

மிகவும் நீர்த்த கரைசலில், கரைந்த பொருளுக்கு ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹென்றி 1803 இல் கண்ட விதி பொருந்தும்: அதன் பகுதி அழுத்தம், திரவத்திலுள்ள மோல் பின்னத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் வருவது. கோலி சோடாவில் அழுத்தத்தைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு அதே விகிதத்தில் கூடுதலாகக் கரைவது அதனால்தான். அங்கே ஒவ்வொரு வாயு மூலக்கூறையும் சுற்றி நிற்பது முழுவதும் தண்ணீர். எனவே விகிதம் நேராக இருக்கிறது, ஆனால் அந்த மாறிலி, ரௌல்ட் விதியில் போல, தூய பொருளின் ஆவி அழுத்தம் அல்ல.

நல்லியல்பு எங்கே முறிகிறது என்று பார்க்க வேண்டுமானால் கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு கரும்பாலைக்குப் போகலாம். சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையையே அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள். அழுக்கு நுரையை வழித்து எடுக்க எடுக்கச் சாறு தெளிந்து, சுண்டி, பாகாகிறது. சர்க்கரை ஆவியாவதில்லை; ஆகவே மேலே எழுவது முழுவதும் நீராவி. நீரின் மோல் பின்னம் குறையக் குறைய அதன் ஆவி அழுத்தமும் குறையும், வெளி அழுத்தத்துக்கு ஈடாக அதைக் கொதிக்கவைக்க இன்னும் சூடாக்க வேண்டும். சர்க்கரை மூலக்கூறு 342 என்ற எடையுள்ள பெரிய மூலக்கூறு என்பதால், எடையில் பாதிக்குப் பாதி சர்க்கரை இருந்தாலும் எண்ணிக்கையில் நூற்றுக்கு 95 நீர் மூலக்கூறுகளே. ரௌல்ட் விதிப்படி தூய நீரைவிட 1.4 டிகிரிதான் கூடுதலாகக் கொதிக்க வேண்டும். அளந்து பார்த்தால் 2 டிகிரிக்கு அருகில் வருகிறது. விதி கொஞ்சம் பிசகினாலும் இதுவரை பரவாயில்லை. எடையில் 80 சதவீதம் சர்க்கரை ஆனபோது விதி சொல்வது 5.4 டிகிரி, உண்மையில் 9 டிகிரிக்கும் மேலே ஏறிவிடுகிறது.

காரணம் பந்தியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுக்ரோஸ் மூலக்கூறிலும் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அவை சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து உட்காரவைக்கின்றன. அண்டை ஆள் யார் என்பது இங்கே மிகவும் முக்கியமாகிவிட்டது. எழுந்து போக வேண்டிய நீரை எழவிடாமல் பிடிக்கிற ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். நீர்த்த நிலையில் பிடிபடாத நீர் ஏராளமாக இருந்ததால் அது வெளியே தெரியவில்லை, பாகு இறுகியதும் தெரிகிறது. கொதிநிலை தூய நீரைவிட 18 டிகிரி ஏறிய நேரத்தில் பாகில் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று ரௌல்ட் விதியைக் கேட்டால் எடையில் 94 சதவீதம் என்று சொல்லும். தூய சர்க்கரைப் பாகில் உண்மையில் இருப்பது 87 சதவீத அளவில்தான். அந்த 94 வரட்டும் என்று காத்திருந்தால் பாகு நிறம் கருத்துப் போகும். கொப்பரை ஓரத்தில் நிற்கிற அண்ணன் ஒரு துளிப் பாகை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, சக்கை போடுவதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்.